சூடேறினால் மட்டும் தெரிகிற கோளாறு

அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மூன்று போர்வை. ஜன்னல் இரண்டையும் இழுத்துச் சாத்தி, கதவிடுக்கில் பழைய துணியைச் செருகி, படுத்திருப்பவரைக் கழுத்துவரை மூடி, "வேர்த்து இறங்கட்டும்" என்று அம்மா பக்கத்தில் காவல் உட்கார்ந்துவிடுவாள். நெற்றிக்கு ஈரத்துணி என்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அன்று முழுவதும் அந்த வீட்டில் அழுகைதான்.

இந்தச் சட்டம் பிறந்தது இருபத்தொரு வருடங்களுக்கு முன்னால், ஒரு காலை பதினொரு மணிக்கு. அப்பா தச்சர். முந்தின வாரம்வரை ஒற்றை ஆளாகக் கதவைத் தூக்கி நிலையில் மாட்டியவர். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. அவருடைய தங்கை, பிள்ளைகளுக்கு அத்தை, பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து துணியை நனைத்துப் பிழிந்து அண்ணன் நெற்றியில் போட்டாள். போட்ட கையைக்கூட எடுக்கவில்லை. அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முப்பத்தேழு வயது!

"நீ போட்ட துணிதான்டி! கொதிக்கிற உடம்புல பச்சத் தண்ணிய வச்சு என் புருஷனைக் கொன்னுட்டியேடி!"

அம்மாவின் அந்தக் கூச்சல் தெருக்கோடிவரை கேட்டது. அத்தை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு மாடிப்படி இறங்கிப் போனவள்தான், அப்புறம் அந்தப் படியை மிதிக்கவே இல்லை.

அன்று எட்டு வயதுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்ற பதினேழு வயதுப் பெண்ணின் கதை இது.

அடுத்த வருடமே அவள் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய செம்புக்கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக்கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி மோட்டாரின் உள்பள்ளங்களில் சொருகி, வார்னிஷில் நனைத்துக் காயவைக்கும் வேலை. "பொம்பளைப் பிள்ளைக்கு இந்தக் கம்பி மடங்காதும்மா" என்றார் முதலாளி. ஒரு மாதம் கழித்து, பட்டறையிலேயே எண்ணிக்கை பிசகாமல் சுற்றுகிற கை அவளுடையதுதான் என்று அவரே வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டார். அப்படித்தான் அவள் ஊருக்கெல்லாம் காயில் அக்கா ஆனாள்.

அவளுக்குக் கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் தம்பிக்கு ஒரு பரீட்சை இருந்தது. தம்பி ஆளாகி, பஸ் டிரைவராகி, கல்யாணம் செய்து, ஒரு பெண் குழந்தைக்கும் தகப்பன் ஆகிவிட்டான். அக்காவைச் சீண்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"எங்க அக்காவுக்கு மோட்டார்தான் மாப்பிள்ளை. ராத்திரி பகலா சுத்துனாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாது."

"உன்னை மாதிரி வாயாடியக் கட்டிக்கிட்டு ஒருத்தி படற பாட்டப் பாத்தப்புறம் எனக்கு மோட்டாரே போதும்டா" என்பாள் அவள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் இடி விழுந்தது. தம்பிக்குக் காய்ச்சல். வழக்கப்படி மூன்று போர்வை. இரண்டாம் நாள் காலை அவன் எழுந்து குளியலறைக்குப் போனான். தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தரையில் கிடந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவள் உலுக்கி, கூப்பிட்டு, கன்னத்தில் அறைந்து, ஒரு நிமிடம் கழித்துத்தான் கண் விழித்தான்.

"என்னக்கா, சாக்கு கிடைச்சுதுன்னு அடிக்கிறியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் தலை சாய்ந்த விதம் கண்முன்னால் வந்து நின்றது. அன்று துணி போட்டார்கள், சரி. இன்று யார் போட்டார்கள்?

காய்ச்சல் விட்டு ஐந்து நாள் கழித்துத்தான் அவனை ஒரு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போக முடிந்தது. ஈசிஜி எடுத்தார்கள். நார்மல் என்றார்கள். தம்பி அந்தக் காகிதத்தை விசிறியாக மடித்து வழியெல்லாம் விசிறிக்கொண்டு வந்தான். "பாத்தியா? சிங்கம்க்கா உன் தம்பி!"

அம்மாவும் நிம்மதியாகச் சொன்னாள்: "போர்வை போட்டதாலதான் பிழைச்சான்."

ஆனால் காயில் அக்காவின் மனம் ஆறவில்லை. அந்த வாரம் பட்டறைக்கு ஒரு தண்ணீர் மோட்டார் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. வைத்துச் சோதித்தால் எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அரைமணி ஓடவிட்டால் நின்றுவிடுகிறது. முதலாளி தலையைச் சொறிந்தார். "மீட்டர்ல சுத்தமா இருக்கேம்மா. இவங்க வீட்டு கரண்டுதான் சரியில்ல போல."

"ஆறிப்போனதைச் சோதிச்சா என்ன தெரியும் முதலாளி? கொதிக்கக் கொதிக்க ஓட்டி, சூட்டோட மீட்டர் வைங்க."

நாற்பது நிமிடம் ஓட்டினார்கள். கை வைக்க முடியாத சூட்டில் மீட்டரை வைத்தார்கள். முள் விழுந்தது. சூட்டில் மட்டும் தலைகாட்டுகிற மின்கசிவு. ஆறினால் ஒளிந்துகொள்ளும்.

முதலாளி "அட!" என்றார். அவளோ விரல்விட்டு நாட்களை எண்ணினாள். தம்பிக்கு எப்போது ஈசிஜி எடுத்தோம்? காய்ச்சல் விட்டு ஐந்து நாள் கழித்து!

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பெரிய மருத்துவமனையின் இதயப் பிரிவில், மடிப்பு மடிப்பாகக் கசங்கிய அந்தக் காகிதத்தோடு போய் நின்றாள். நோயாளி இல்லாமல் காகிதம் மட்டும் வந்திருப்பதைப் பார்த்து வரவேற்பில் இருந்தவள் மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். நான்காம் தடவை பெண் மருத்துவர் ஒருவரே வெளியே வந்துவிட்டார்.

"என்னம்மா பிரச்சினை?"

"டாக்டர், எனக்கு வைத்தியம் தெரியாது. மோட்டாருக்குக் காயில் கட்டறவ. சில கோளாறு சூடானாத்தான் தெரியும். காய்ச்சலோட எடுத்திருந்தா இந்தக் கோடு வேற மாதிரி வந்திருக்குமா?"

மருத்துவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். "உங்க குடும்பத்துல யாராவது காய்ச்சல்ல திடீர்னு இறந்திருக்காங்களா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துணி, பாத்திரம், அம்மாவின் கூச்சல் உட்பட. மருத்துவர் பெருமூச்சு விட்டார்.

"ஈரத்துணி யாரையும் கொல்லாதும்மா. இதயத்துல ஒவ்வொரு செல்லுக்கும் குட்டிக் குட்டியா வாசல் இருக்கு. அது வழியா உப்பு உள்ளே போனாத்தான் மின்சாரம் ஓடும், துடிப்பு வரும். அந்த வாசலை எப்படிக் கட்டணும்னு ஒரு மரபணுவுல எழுதியிருக்கு. சில குடும்பத்துல அதுல ஒரு எழுத்து மாறிடும். சாதாரண நாள்ல ஒண்ணும் தெரியாது. உடம்பு சூடானா வாசல் சரியா வேலை செய்யாது. துடிப்பு தாறுமாறா ஓடும். ப்ருகாடான்னு பேரு. உங்க தம்பிக்கு அதுதான்னு நான் இப்பவே சொல்லல. சந்தேகப்படறேன்."

"அப்பாவுக்கு இருந்திருந்தா எங்களுக்கு?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்களுக்கு இருந்தும் கடைசிவரை தெரியாமலே போகலாம். ஆண்களுக்குத்தான் அதிகமா ஆபத்து வருது."

ஒரு காகிதத்தில் கட்டங்களும் வட்டங்களும் போட்டு வம்சத்தை வரையச் சொன்னார். அப்பா பக்கத்தில் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் அத்தையோடு படியிறங்கிப் போய்விட்டதே!

கிளம்பும்போது மருத்துவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "அடுத்த தடவை காய்ச்சல் வந்த உடனே காய்ச்சல் மாத்திரை கொடுங்க. ஈசிஜிக்காகச் சூட்டோட வச்சிருக்கக் கூடாது. மாத்திரை முதல்ல, ஈசிஜி அப்புறம். போர்வை வேண்டவே வேண்டாம். நேரா இங்க வாங்க, இந்தக் கடிதத்தைக் காட்டினா உடனே எடுப்பாங்க."

அத்தை ஊரின் மறுகோடியில், ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தாள். விசாரித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியவளை அத்தை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணன் மூக்கு அப்படியே இருக்கு உனக்கு" என்றாள். "அண்ணிக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்ல அத்தை. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுல வேற யாராவது காய்ச்சல்ல போயிருக்காங்களா?"

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சின்னண்ணன். இருபத்தாறு வயசு. காய்ச்சல்னு மத்தியானம் படுத்தவன், டீ கொடுக்க எழுப்பினா எழுந்திருக்கல. அதுக்கு முந்தி எங்கப்பா. அவரும் அப்படித்தான். எங்க வம்சத்துக்கே ஏதோ சாபம்னு சொல்லிக்குவாங்க."

"அந்தச் சித்தப்பாவுக்கு யாரு ஈரத்துணி போட்டது?"

"யாரும் போடலயே. எங்கப்பாவுக்கும் போடல."

சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னது என்னவென்று அத்தைக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்தொரு வருடம்! தன் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் துணி போடச் சொல்லிவிட்டு, தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள் அந்தப் பாவி.

"உங்க கைமேல பழி இல்ல அத்தை. அதை நான் நிரூபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டங்கள் நிறைந்த காகிதத்தோடு திரும்பினாள் அவள்.

தம்பியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் முதல் முறையாக அவளிடம் முகம் சிவந்தான். "இதயத்துல கோளாறுன்னு ஒரு காகிதம் வந்தா என் லைசென்ஸ் என்ன ஆகும் தெரியுமா? நாப்பது பேரை வச்சு ஓட்டறவன்க்கா நான்! நீ சும்மா இருந்தாலே நான் நல்லா இருப்பேன்."

இரண்டு மாதம் அவர்களுக்குள் பேச்சில்லை. மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் பட்டறைக்குத் தம்பி மனைவியின் போன்.

"அண்ணி, காலைல நீங்க வேலைக்குப் போனதுல இருந்து அவருக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுக்கப் போனா உங்க அம்மா தட்டி விட்டுட்டாங்க. போர்வை போட்டு மூடிட்டாங்க. ஏதோ உளர்றாரு அண்ணி."

சுற்றிக்கொண்டிருந்த கம்பியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். வார்னிஷ் ஒட்டிய கையோடு அவள் படியேறியபோது அறைவாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அம்மா நின்றாள்.

"உள்ள வராதே! நீ அவளைப் போய்ப் பாத்தது எனக்குத் தெரியும். அவ சொல்லிக் கொடுத்துதான் வந்திருக்கே. என் புள்ளையையும் கொல்லப் பாக்கறியா?"

"வழி விடும்மா."

"என் பொணத்தைத் தாண்டிப் போ!"

பெற்றவள் அல்லவா? கட்டியவனைப் பறிகொடுத்த பயம் அல்லவா? மகளுக்கும் அது புரிந்தது. ஆனால் நகரவில்லை. "சித்தப்பாவுக்குத் துணி போடலம்மா. தாத்தாவுக்குப் போடல. இவன் பாத்ரூம்ல விழுந்தப்போ போடல. அவங்க எல்லாருக்கும் பொதுவா இருந்தது காய்ச்சல் மட்டும்தான். அந்தக் காய்ச்சலைத்தான் நீ போர்வை போட்டு வளக்கறே."

அம்மாவின் கைகள் தாமாகக் கீழே இறங்கின. அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனவள் மூன்று போர்வைகளையும் உருவி எறிந்தாள். ஜன்னலைத் திறந்தாள். மாத்திரையைத் தம்பியின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். உடம்பு அடுப்பாக எரிந்தது.

"எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"மாட்டேன்க்கா. என் வண்டியப் பிடுங்கிடுவாங்க."

"உனக்கு வேணாம்னா விடு. உன் பொண்ணுக்கு?"

அவன் கண்ணைத் திறந்தான்.

"உனக்கு இருந்தா பாப்பாவுக்குப் பாதிக்குப் பாதி. அவளுக்கு ஊசி போட்டா காய்ச்சல் வரும், பல் முளைச்சா உடம்பு சுடும். அன்னிக்கு அவளையும் போத்திப் படுக்க வச்சுட்டு வண்டி ஓட்டப் போவியா?"

அவன் அக்காவின் தோளைப் பிடித்து எழுந்தான்.

கடிதத்தைப் பார்த்ததும் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஈசிஜி எடுப்பவர் மார்பில் ஒட்டும் வட்டங்களில் இரண்டை வழக்கத்தைவிட மேலே, நெஞ்செலும்பின் பக்கமாக நகர்த்தி ஒட்டினார். காகிதம் நகர்ந்தது. நேராக இறங்க வேண்டிய கோடு மேலே ஏறி நின்று, கூடாரத்தின் சரிவு போல வளைந்து இறங்கியது. பெண் மருத்துவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்துத் தலையாட்டினார். "நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இதுதாம்மா."

அந்த வார்த்தை முடிவதற்குள் திரையில் ஓடிய கோடு பைத்தியம் பிடித்ததுபோல ஆடத் தொடங்கியது. தம்பியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதே சாய்வு!

பின்னாலேயே வந்து அறைவாசலில் நின்ற அம்மா "ஐயோ!" என்று அலறினாள். "தள்ளுங்க! யாரும் தொடாதீங்க!" என்றார் மருத்துவர். மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை மார்பில் வைத்து அழுத்தினார். தம்பியின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கோடு தட்டையாக ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று நொடி... டிக். பிறகு இன்னொரு டிக். பிறகு நிற்காமல் வரிசையாக.

அந்த மூன்று நொடியில் காயில் அக்காவின் முன்னந்தலையில் ஒரு முடி நரைத்துவிட்டது என்று தம்பி இன்றும் சொல்வான். அது பொய். ஆனால் அவளுடைய நகங்கள் அவளுடைய உள்ளங்கையிலேயே பதிந்து ரத்தம் வந்தது நிஜம்.

மாலையில் செய்தி கேட்டு அத்தை வந்தாள். நடைபாதையின் மறுமுனையிலேயே தயங்கி நின்றவளை நோக்கி அம்மா போனாள். அவள் கைகளிரண்டையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"உன்னைக் கொலைகாரின்னு சொன்னேனேடி..."

"நானும் அதை நம்பிட்டேனே அண்ணி!"

ஆளுக்கொரு மூலையில் இருபத்தொரு வருடம் அழுதவர்கள் அன்று ஒரே பெஞ்சில் அழுதார்கள்.

தம்பியின் இடது தோள்பட்டைக்குக் கீழே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்றைத் தோலுக்கடியில் வைத்தார்கள். துடிப்பு தாறுமாறானால் அதுவே உள்ளிருந்து அடித்துச் சரிசெய்யும். பஸ் ஓட்டுவது அன்றோடு முடிந்தது. நான்கு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "ஸ்டியரிங் இல்லாம நான் யாருக்கா?" என்றான்.

"மூச்சு விடறவன்" என்றாள் அவள். "அதுக்கு மேல நீ யாருன்னு உக்காந்து யோசிச்சுக்கலாம், நேரம் இருக்கு."

டிப்போவில் டைம்கீப்பர் நாற்காலி கொடுத்தார்கள். இப்போது இரண்டு நிமிடம் தாமதமாக வருகிற டிரைவர்களை அவன் திட்டுகிற திட்டு மூன்றாவது தெருவரை கேட்கிறதாம்.

ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லாக் குடும்பத்திலும் இந்த எழுத்து மாற்றம் அகப்படாது, உங்கள் குடும்பத்தில் அகப்பட்டிருக்கிறது என்றார் மருத்துவர். தம்பிக்கு இருந்தது. பாப்பாவுக்கும் இருந்தது. காயில் அக்காவுக்கும் இருந்தது. அத்தைக்கு இல்லை.

தன் பெயருக்கு நேரே இருந்ததைப் படித்துவிட்டு அவள் மடித்துப் பையில் வைத்தாள். பாப்பாவுடையதைப் படித்தபோதுதான் கண் கலங்கியது. அதையும் துடைத்துக்கொண்டு, காய்ச்சல் மாத்திரை, தெர்மாமீட்டர், சாப்பிடக் கூடாத மருந்துகளின் பட்டியல் மூன்றையும் வீட்டிலும், குழந்தையை விடும் இடத்திலும், தன் பட்டறையிலும் வைத்தாள். பிறகு வம்சக் காகிதத்தை விரித்தாள். அப்பா பக்கத்தில் ரத்தம் கொடுக்க வேண்டியவர்கள் இன்னும் பதினொரு பேர்.

ஞாயிறுதோறும் புறப்பட்டாள். அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். சிலர் காபி கொடுத்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். "வீடு வீடா வந்து வியாதி விக்கறாங்க" என்று ஒருத்தி கேலி செய்தாள். பத்துப் பேர் முடிந்தார்கள். மிச்சம் ஒருவன், பெரியப்பா மகன், பேக்கரியில் அடுப்படி வேலை. கதவளவு அகலமான ஆள்.

மாவு பிசைகிற மேஜைக்குப் பின்னால் நின்று அவன் சிரித்தான். "என்னைப் பாத்தா நோயாளி மாதிரி இருக்கா? தினமும் அடுப்பு முன்னாடி வேகறேன், ஒண்ணும் ஆகல. போன வாரமும் இதைத்தானே சொன்னேன்."

"அதுக்கு முந்தின வாரமும் சொன்னே. அடுப்புச் சூடு வேற, காய்ச்சல் வேற. ஒரு குழாய் ரத்தம் கொடுத்தா போதும்."

"வேலை இருக்கு, போ."

"சரி. முடிச்சுட்டு வா. உக்காந்திருக்கோம்."

மாவு மூட்டைகளின்மேல் மூன்று பெண்களும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அவன் ஒரு தட்டு ரொட்டியை உள்ளே தள்ளினான். இன்னொரு தட்டைத் தள்ளினான். மூன்றாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு, திரும்பாமலே, வேறொரு குரலில் பேசினான்.

"போன வருஷம் காய்ச்சல்ல நானும் ஒரு தடவை விழுந்தேன். இந்த இடத்துலதான். யார்கிட்டயும் சொல்லல."

அம்மாவின் கை அத்தையின் கையைத் தேடிப் பிடித்தது. காயில் அக்கா எழுந்தாள். மேஜையைச் சுற்றிப் போய் அவன் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அடுப்பை யாராவது பாத்துக்கட்டும். கையைக் கழுவிட்டு வா, அண்ணா. இப்பவே போறோம்."